ஒன்பது பேர் பட்டறை: நெரிசலைப் பார்க்க வேண்டியவர் யார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது சதுர மீட்டர் தரை, மூன்று மீட்டர் உயரத்தில் தகரக் கூரை, மோட்டாரில் ஓடும் எந்திரங்கள், உள்ளே ஒன்பது ஆட்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஓர் ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் கேட்டது. அந்த அளவுகோலில் இந்தப் பட்டறையின் 90 கன மீட்டரில் ஆறு பேர்தான் வேலை செய்யலாம். மூன்று பேர் அதிகம். ஆனாலும் பட்டறைக்காரர் அந்தச் சட்டத்தை மீறியவர் அல்லர். அதன்படி மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் ஓர் இடம் தொழிற்சாலையாக இருந்தது. ஒன்பது பேர் இருந்தவரை 16ஆம் பிரிவு அந்த வாசற்படி ஏறவில்லை.

வில்லியனூர், பாகூர் போன்ற புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் (பிரெஞ்சு வழிவந்த உள்ளாட்சிப் பகுதிகளில்) வேலை நடக்கும் இடங்களில் பல இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுபவை: லேத் பட்டறை, வெல்டிங் கொட்டகை, தச்சுக்கூடம், தையல் யூனிட், மாவு மில், வீட்டோடு சேர்ந்த மண்பாண்டக் கொட்டில். அவற்றின் காற்றையும் கழிப்பறையையும் நெரிசலையும் பார்க்க வேண்டியவர் யார், பார்த்தால் பயன் உண்டா என்ற கேள்வி புதிதல்ல. விக்டோரியா காலத்து இங்கிலாந்து அதற்கு நான்கைந்து விடைகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தது. பிரெஞ்சு அரசு வேறொரு விடையைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. இந்தியச் சட்டம் எண்ணிக்கையை வைத்து விடை சொன்னது. இவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. ஆய்வாளர் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, கனிவாக இருக்க வேண்டுமா என்பதிலேயே பெரும்பாலான வாதம் செலவாகியிருக்கிறது. அந்தப் பட்டறை எவருடைய பதிவேட்டில் இருக்கிறது என்ற முன்கேள்விக்கு அதில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை.

மன்றமா, ஆய்வாளரா?

பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாடு முழுமைக்கும் நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. அவர்களில் பேர் பெற்றவர் லியோனார்டு ஹார்னர். இன்னொருவரான ராபர்ட் ரிக்கார்ட்ஸ் பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். இந்தியாவில் நிர்வாகம் பழகியவர் ஒருவர் லங்காஷயர் ஆலைகளைப் பார்க்கப் போனார் என்பது காலனிய வரலாற்றில் கொஞ்சம் தலைகீழான செய்திதான். நால்வரின் அதிகாரமும் நெசவாலைகளோடு நின்றது.

ஆலைக்கு வெளியே நடந்தது 1863 ஜூன் மாதம் ஊருக்குத் தெரிந்தது. லண்டனில் சீமாட்டிகளுக்கு நடனவிழா ஆடை தைக்கும் கடையொன்றில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் இறந்தார். இருபத்தாறு மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் தைத்திருந்தார். நெரிசலான வேலையறையும் காற்றோட்டமற்ற படுக்கையறையுமே காரணம் என்று மருத்துவர் சாட்சி சொன்னார். மார்க்ஸ் ‘மூலதன’த்தில் இந்தச் சாவை எழுதினார். அந்த இடம் ஆலை அல்ல என்பதால் எந்தத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அங்கே நுழைய உரிமை இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஜான் சைமனுக்காக டாக்டர் எட்வர்டு ஸ்மித் தையற்காரர்களையும் அச்சுத் தொழிலாளர்களையும் ஆராய்ந்தார். அவர்களிடையே நெஞ்சு நோய்ச் சாவுகள் மிகுந்திருப்பதற்கும் மூச்சுமுட்டும் அறைகளுக்கும் தொடர்புண்டு என்று காட்டினார்.

விளைவாக வந்தவை இரண்டு சட்டங்கள். 1866ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் வேலையிட நெரிசலைப் பொதுத் தொல்லை என்ற வகையில் சேர்த்தது. 1867இல் வந்த பட்டறைகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஐம்பது பேருக்குக் குறைந்த இடங்களை உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்தது. இந்த இரண்டாவது ஏற்பாடு நான்கே ஆண்டுகளில் கலைந்தது. பெரும்பாலான மன்றங்கள் சட்டத்தைத் தொடக்கூட இல்லை. மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் கடைக்காரரும் சிறு முதலாளியும் நிறைய இருந்தார்கள். ஆய்வுக்கு ஆள் போட்டால் வரி ஏறும் என்ற பயமும் இருந்தது. 1871இல் பட்டறைகள் அரசின் ஆய்வாளர்களிடமே போயின. பல்லாயிரக்கணக்கான சிறு இடங்கள் ஒரே நாளில் தலையில் விழ, அவர்களும் திணறினார்கள். 1891இல் சுகாதாரப் பொறுப்பு மட்டும் மறுபடி மன்றங்களிடம் திரும்பியது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறையாக ஓர் எண்ணை எழுதிவைத்தது: ஆளுக்கு 250 கன அடி, மிகைநேர வேலையின்போது 400.

மன்றங்களின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. லண்டனின் கென்சிங்டன் பகுதி 1893இல் லூசி டீன், ரோஸ் ஸ்கொயர் என்ற பெண்களைச் சுகாதார ஆய்வாளர்களாக நியமித்தது. தையல் அறைகளுக்குள் போய்ப் பெண்களிடம் பேசவும், கழிப்பறைகளைப் பார்க்கவும், தெருவிலுள்ள ஒவ்வொரு மாடிப் பட்டறையையும் பட்டியலிடவும் தலைநகர ஆய்வாளரைவிட இவர்களால் முடிந்தது. சுகாதார மருத்துவ அதிகாரியும் முழுநேர ஆட்களும் இருந்த மன்றங்களில் வேலை நடந்தது, மற்றவற்றில் நடக்கவில்லை. ஆகவே 1867இன் தோல்வியை உள்ளாட்சி என்ற கருத்தின் தோல்வியாகப் படிப்பது அவசரம். அதிகாரம் கொடுத்து ஆளும் பணமும் கொடுக்காததன் தோல்வி அது என்று சொல்லவும் இடமிருக்கிறது.

பிரெஞ்சு வழி: அக்கம்பக்கத்தாருக்கு முதலிடம்

பிரெஞ்சுச் சட்டம் வேறு முனையில் தொடங்கியது. நெப்போலியனின் 1810ஆம் ஆண்டு ஆணை ஆபத்தான, சுகாதாரக் கேடான, தொல்லை தரும் தொழிலிடங்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்து அனுமதி பெறச் சொன்னது. அது காக்க நினைத்தது அண்டைவீட்டுக்காரரின் மூக்கையும் சொத்து மதிப்பையும். உள்ளே தோலை ஊறவைத்தவரும் சாயம் காய்ச்சியவரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் படவில்லை. தொழிலாளிக்கான சட்டம் மெல்லத்தான் வந்தது: 1841இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1874இல் பதினைந்து வட்டார ஆய்வாளர்கள், 1892இல் முறையான தொழிலாளர் ஆய்வுத் துறை, 1893இல் தொழிலிடச் சுகாதாரம், பாதுகாப்புச் சட்டம்.

இவை எதுவும் தானாகப் புதுச்சேரிக்குக் கப்பலேறவில்லை. பிரான்சில் இயற்றிய சட்டம் காலனிக்குத் தனியாக நீட்டிக்கப்பட்டால்தான் அங்கே செல்லும் என்பது அவர்கள் கடைப்பிடித்த விதி. இதற்கிடையில் புதுச்சேரி நெசவு நகரமாக வளர்ந்திருந்தது. சவானா ஆலை, பாரதி மில் ஆன கெப்ளே ஆலை, 1898இல் தொடங்கி ஏ.எஃப்.டி. என்று அறியப்பட்ட ரோடியர் மில் ஆகிய மூன்றும் சுற்றுக் கிராமங்களின் உழைப்பை உள்வாங்கின. நிர்வாக அமைப்பும் கூடவே வந்தது. 1880 மார்ச் 12 ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தது. வில்லியனூரும் பாகூரும் அந்தப் பத்தில் அடக்கம். மேயர், மன்றம், மேரி என்னும் மேயர் அலுவலகக் கட்டடம் எல்லாம் பிரான்சைப் போலவே அமைந்தன. ஆக, உள்ளாட்சி உறுப்பு இங்கே மிக முன்பே வந்துவிட்டது. தொழிலாளர் ஆய்வு வரவில்லை.

அது வந்த விதம் புதுச்சேரியில் எல்லோரும் அறிந்தது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் இறந்தனர். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டமும், பாரிஸில் அப்போது ஆட்சியிலிருந்த மக்கள் முன்னணி அரசின் நெருக்குதலும் சேர்ந்து 1937 ஏப்ரல் 6 ஆணையைக் கொண்டுவந்தன. எட்டுமணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் அதுவே வழிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போதிருந்த 1934ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 54 மணியை அனுமதித்தது. அங்கே 48 மணி 1946இல்தான் வந்தது. ஆசியாவிலேயே முதலில் எட்டுமணி நேரம் பெற்றது புதுச்சேரி என்று மேடைதோறும் சொல்லப்படுவதை அப்படியே ஏற்காவிட்டாலும், பக்கத்துக் கடலூருக்கு முன்னால் பெற்றது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த வெற்றி ஆலைவாசலின் வெற்றி. ஆயிரக்கணக்கானவர் ஒரே சங்கு ஒலிக்கு உள்ளே போய் வெளியே வந்த இடத்தில் அது சாத்தியமானது. ஐந்தும் ஆறும் பேராக வேலை செய்தவர்களுக்கு அந்த வலு இல்லை. ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஐந்தாறு பேர் பட்டறைகள் பெருகியிருக்கின்றன.

பத்து என்ற எல்லை

இந்தியச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே தலை எண்ணியது. 1881இல் நூறு பேர், 1891இல் ஐம்பது, 1922இல் இருபது, 1948இல் மின்விசையோடு பத்து அல்லது மின்விசை இல்லாமல் இருபது. ஒவ்வொரு படியிலும் எல்லை கீழிறங்கியதை முன்னேற்றம் என்று வரலாறு எழுதுவது வழக்கம். எல்லைக்குக் கீழே என்ன இருந்தது என்பதை, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் பார்த்தது. சன்னலற்ற சிறு பெட்டிகள் போன்ற பீடிக் கூடங்களில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததை அது பதிவுசெய்து, சிறு பட்டறைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றது. சென்னை மாகாணம் 1947இல் விசையில்லாத் தொழிற்சாலைகளுக்கென ஒரு சட்டம் இயற்றியது. பீடித் தொழிலுக்கு மத்தியச் சட்டம் 1966 வரை காத்திருந்தது. அதற்குள் வேலையில் பெரும்பகுதி கூடத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்துவிட்டது. அங்கே நெரிசலை அளக்க எந்தக் கோலும் போவதில்லை.

1954இல் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்து, 1962இல் சட்டப்படியும் இணைந்த புதுச்சேரிக்கு 1963ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இந்தியச் சட்டங்களை நீட்டித்தது. மறு ஆண்டு புதுச்சேரித் தொழிற்சாலை விதிகள் வந்தன. பிரெஞ்சு ஆணையின் இடத்தில் பத்து என்ற எண் உட்கார்ந்தது. அந்த எண்ணைத் தாண்டிப் போக 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருந்தது: 85ஆம் பிரிவின்கீழ், குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் இடம் நீங்கலாக, எந்த உற்பத்தியிடத்தையும் மாநில அரசு தொழிற்சாலையாக அறிவிக்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு (2020) எண்ணை மறுபடி உயர்த்தியது. மின்விசையோடு இருபது, இல்லாமல் நாற்பது. தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன. எதிர்ப்பில் ஒரு நுணுக்கம் விடுபடுவதுண்டு. உயர்ந்தது ‘தொழிற்சாலை’ என்ற வரையறை. ‘நிறுவனம்’ என்ற பொதுவரையறை பத்துப் பேரிலேயே தொடங்குகிறது, முதலாளியின் சுகாதாரக் கடமைகள் அதன்மீது நிற்கின்றன. எனவே பத்திலிருந்து பத்தொன்பது பேர் வரையுள்ள இடங்கள் முற்றாகக் கைவிடப்பட்டன என்பது மிகை. ஆனால் ஆளுக்கு 14.2 கன மீட்டர் என்ற எண் சட்டத்தின் உடலிலிருந்து இறங்கி, அரசு வகுக்கும் விதிகளின் பொறுப்பாகிவிட்டது. நாடாளுமன்றம் மாற்ற வேண்டியிருந்ததை இனி ஓர் அறிவிக்கை மாற்றும். நெரிசலைப் பொறுத்தவரை இது இருபது, நாற்பதைவிடக் கவலை தர வேண்டிய மாற்றம். ஒன்பது பேர் பட்டறையோ, ஆபத்தானது என்று அரசு அறிவிக்கும் தொழில்களை விட்டால், பழைய சட்டத்திலும் வெளியே, புதியதிலும் வெளியே.

கண்டிப்பா, கனிவா?

மறுபடி பிரிட்டனுக்கே போவோம். அங்கே ஆய்வு நடந்த இடங்களில் அது என்ன செய்தது? வரலாற்றாசிரியர்கள் இதில் ஒன்றுபடவில்லை. ஆலிவர் மக்டோனா 1958இல் முன்வைத்த பார்வையில், ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதை எழுதி எழுதியே சட்டத்தை வளர்த்தவர்கள். சகிக்க முடியாத ஒன்று அம்பலமாகிறது, சட்டம் வருகிறது, போதவில்லை என்று ஆய்வாளரே அறிக்கை தருகிறார், அடுத்த சட்டம் வருகிறது. டபிள்யூ. ஜி. கார்சன் 1970களில் இதற்கு மறுபக்கம் காட்டினார்: மீறல் எங்கும் நிறைந்திருந்ததால் வழக்குப் போடுவது விதிவிலக்காகி, தொழிற்சாலைக் குற்றம் குற்றமாகவே எண்ணப்படாத நிலை உருவானது. பார்ட்ரிப், பீக்காக் ஆகியோர் வழக்கு எண்ணிக்கைகளை வைத்து நெடுநாள் வாதிட்டார்கள். ஹவர்டு மார்வெல் 1977இல் எழுப்பியது சங்கடமான கேள்வி. நீராவியில் ஓடிய பெரிய ஆலைகளுக்கு, நீர்விசையை நம்பிய சிறு ஆலைகளை முடக்க 1833ஆம் ஆண்டுச் சட்டம் வசதியாக இருந்ததல்லவா என்றார் அவர்.

மார்வெலின் வாதத்தை வில்லியனூருக்குக் கொண்டுவந்தால் வேறு வடிவம் எடுக்கிறது. இங்கே போட்டி பெரியவர், சிறியவர் இடையே மட்டுமல்ல, எல்லைக்கு அப்பாலும் இப்பாலும்கூட. வில்லியனூருக்கு மேற்கே கண்டமங்கலம் தமிழ்நாடு. பாகூருக்குத் தெற்கே கடலூர். விற்பனை வரிச் சலுகைக்காக ஒருகாலத்தில் இந்தப் பக்கம் வந்த தொழில்கள், ஆய்வு இறுகினால் அந்தப் பக்கம் போய்விடும் என்ற பேச்சு இருக்கவே செய்யும். பேச்சு என்று சொல்லக் காரணம் உண்டு. சுகாதார ஆய்வுக்குப் பயந்து பட்டறை இடம் மாறியது என்பதற்கு வலுவான சான்று தேடித்தான் பார்க்க வேண்டும். நிலமும் மின்சாரமும் ஆளும் கிடைக்கும் இடத்தைத் தொழில் தேடுகிறது, கழிப்பறை விதிக்காக ஊரைக் காலிசெய்வது அரிது.

குலுக்கலும் சான்றிதழும்

கடந்த இருபதாண்டில் வந்த மூன்றாவது நிலைப்பாடு, ஆய்வாளரின் விருப்பத்தையே விலக்கிவிடச் சொல்கிறது. ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ என்று முதலாளிகள் பல்லாண்டாகக் குறைப்பட்டதற்கு விடையாக, மத்திய அரசு 2014 அக்டோபரில் எந்த இடத்துக்கு யார் போவது என்பதைக் கணினிக் குலுக்கலில் விட்டது. புதிய தொகுப்பில் ஆய்வாளர் ‘ஆய்வாளரும் வழிகாட்டியும்’ ஆகிவிட்டார். சுயசான்றும் மூன்றாம் தரப்புச் சான்றும் இதன் துணைகள்.

சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் ஆய்வுக்குள்ளான இடங்களில் காயங்கள் 9.4 விழுக்காடு குறைந்தன என்று லெவின், டாஃபல், ஜான்சன் 2012இல் காட்டினர். வேலைவாய்ப்புப் பாதிக்கப்பட்டதற்கு அறிகுறி இல்லை. குஜராத்தில் பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த சோதனையோ, கூடுதலாக நடத்தப்பட்ட குலுக்கல் ஆய்வுகள் மாசைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று கண்டது. மோசமான ஆலை எது என்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது, அவர்களின் சொந்தத் தேர்வு குலுக்கலைவிடக் கூர்மையாக இருந்தது. அதே குஜராத்தில் இன்னொரு சோதனை, ஆலையே கூலி கொடுக்கும் தணிக்கையாளர் ஆலைக்குச் சாதகமாகவே எழுதுகிறார் என்று நிறுவியது. கராச்சியில் 2012 செப்டம்பரில் எரிந்து 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஆடை ஆலை சில வாரங்களுக்கு முன்புதான் பன்னாட்டுச் சான்றிதழ் வாங்கியிருந்தது.  மூன்றாம் தரப்புச் சான்றின் பக்கம் சாட்சி பலவீனம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனைகள் எல்லாமே பதிவேட்டில் இருக்கும் நிறுவனங்கள்மீது நடந்தவை. பட்டியலில் இல்லாத பெயர் குலுக்கலில் விழாது.

வில்லியனூரிலும் பாகூரிலும்

இரண்டு கொம்யூன்களிலும் இரண்டு உலகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சேதராப்பட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள். அங்கே மனையெண் உண்டு, பலகை உண்டு, தொழிற்சாலை உரிமம் உண்டு. ஆய்வு போதுமா என்பதுதான் அங்கே விவாதம். பேட்டைக்கு வெளியே ஊருக்குள் இருக்கும் பட்டறைகள் கொம்யூன் பஞ்சாயத்தின் உரிமத்தோடு ஓடுகின்றன, சில அதுவும் இல்லாமல். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் சிற்பத் தொழில் பெரிதும் குடும்பத்தோடு நடப்பது. சூளைப் புகையும் களிமண் தூசியும் வீட்டுக் காற்றோடு கலந்தவை. 85ஆம் பிரிவும்கூடக் குடும்பத்தைத் தொடவில்லை.

பஞ்சாயத்து உரிமம் பார்ப்பது எதை? 1810ஆம் ஆண்டு ஆணை பார்த்ததைத்தான்: புகை, இரைச்சல், கழிவுநீர், அண்டைவீட்டாரின் புகார். உள்ளே எத்தனை பேர், அறை எவ்வளவு பெரிது என்பது தொழிலாளர் துறையின் வேலை என்று அது நினைக்கிறது. தொழிலாளர் துறையோ, பத்துப் பேர் இல்லாத இடம் தன் வேலை அல்ல என்கிறது. இரண்டும் சட்டப்படி சரி. 1867க்கும் 1891க்கும் இடையில் பிரிட்டன் இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளிய அதே பொறுப்பு இங்கே நடுவில் விழுந்து கிடக்கிறது.

மன்றத்துக்கே பொறுப்பைக் கொடுக்கலாம் என்று சொல்வோருக்கு இங்கே கூடுதலாக ஒரு தடை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குத் தேர்தல் நடந்தது 2006இல். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மறுதேர்தல் இல்லை, நிர்வாகம் ஆணையர்களிடம். கென்சிங்டனில் சுகாதார ஆய்வாளர் வேலை செய்யாவிட்டால் கேட்க ஒரு மன்றம் இருந்தது.

எஞ்சி நிற்பவை

முதலாவது, அளவுகோல். கன மீட்டர் என்பது குளிர்நாட்டு மூடிய அறைகளில், மூச்சுக்காற்றின் கணக்கில் பிறந்தது. பாகூரின் மே மாதத் தகரக் கொட்டகையில் ஆளுக்கு 15 கன மீட்டர் இருந்தாலும் உடல் தாங்காது. திறந்த பக்கச் சுவரோடு ஓலை வேய்ந்த கொட்டகையில் பத்து கன மீட்டரே போதலாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளவுகோலில் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு இன்னும் தீர்ந்த விடை இல்லை. இரண்டாவது, பின்விளைவு. எல்லையைக் கீழிறக்கினால் பட்டறை திருந்துமா, இல்லை பீடியைப்போல வேலை வீட்டுக்குள் ஒளியுமா? பீடியின் அனுபவம் பயமுறுத்துகிறது. எந்திரமும் மின் இணைப்பும் வேண்டிய லேத் பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, ஆய்வாளரின் விருப்பம். இந்தியா 1949இல் ஏற்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை, முன்னறிவிப்பின்றி எந்நேரமும் நுழையும் உரிமையை ஆய்வாளருக்குத் தரச் சொல்கிறது. கணினிக் குலுக்கல் அதோடு எவ்வளவு இசையும் என்ற வாதம் முடியவில்லை.

இவை தீரக் காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்தின் உரிமப் பதிவேட்டையும், தொழிற்சாலைகள் ஆய்வுத் துறையின் பதிவேட்டையும், மின்துறையின் தொழில் இணைப்புப் பட்டியலையும் வில்லியனூருக்கும் பாகூருக்கும் ஒரே பட்டியலாகச் சேர்த்து, ஆட்களின் எண்ணிக்கை, அறையின் நீள அகல உயரம் என்று இரண்டு பத்திகளைக் கூட்டலாம். புதுச் சட்டம் தேவையில்லை, புது ஆய்வாளரும் தேவையில்லை. புதிய தொகுப்பின் விதிகள் புதுச்சேரியில் வேரூன்றும் முன்பே தொழிலாளர் துறையும் உள்ளாட்சித் துறையும் கூடி இதைச் செய்து, பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும்.